மணி முதலில், கேமரா அப்புறம்

கேள்வி: சார், நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவோம். பகலில் வீட்டில் அத்தை மட்டும். வயது 76. காது கொஞ்சம் மந்தம், முழங்கால் வலி வேறு. ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். பார்சல் கொண்டுவருபவர்கள் இரண்டு முறை மணி அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதைவிடப் பெரிய கவலை, சில சமயம் யாரென்றே கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறார். வீடியோ டோர்பெல் வாங்கக் கடைக்குப் போனால், ‘4கே வாங்குங்கள், அதுதான் பெஸ்ட்’ என்கிறார் கடைக்காரர். கணவர், பேட்டரி மாடலே போதும், நானே மாட்டிவிடுகிறேன் என்கிறார். எங்கள் கதவுக்கு நேர் எதிரே இன்னொரு வீட்டின் கதவு. அவர்கள் இப்போதே, ‘எங்கள் வாசலைப் படம் பிடிக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டார்கள். ரவுட்டர் பின்பக்கப் படுக்கையறையில் இருக்கிறது. எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?
– ஒரு வாசகி

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் கடைக்காரர் கேமராவைப் பற்றிப் பேசுகிறார், கணவர் பேட்டரியைப் பற்றி, எதிர்வீட்டுக்காரர் படம் பிடிப்பதைப் பற்றி. மணியைப் பற்றி யாருமே பேசவில்லை. நீங்கள் வாங்கப்போவது காலிங் பெல். அதில் கேமராவும் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் இந்த வேலைக்குப் போகும் வீடுகளில் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பட்டனை அழுத்தினால் யார் காதில் விழ வேண்டும்? உங்கள் வீட்டில் அத்தையின் காதில் விழ வேண்டும். அவரிடமோ ஸ்மார்ட்போன் கிடையாது.

இதைக் கடையில் எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. பல வீடியோ டோர்பெல்களில், பெட்டியைப் பிரித்தால் வெளியே மாட்டும் கருவி மட்டும்தான் இருக்கும். பட்டனை அழுத்தினால் அந்தக் கருவியிலேயே சின்னதாக ஓர் ஓசை வரும், உங்கள் போனுக்கு அறிவிப்பு வரும். வீட்டுக்குள் ஒன்றும் கேட்காது. உள்ளே ஒலிக்கும் ‘சைம்’ தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டில் பழைய மணியைக் கழற்றி வீசிவிட்டுப் புதியதை மாட்டியிருந்தார்கள். வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் வாசலில் நின்று பட்டனை அழுத்துகிறேன், அழுத்துகிறேன். ஜன்னல் வழியே பார்த்தால், பெரியவர் நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருக்கிறார். மணி அவர் மகனுடைய போனில் அடித்துக்கொண்டிருந்தது. மகன் மீட்டிங்கில், போன் சைலன்ட்டில். கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

ஆகவே எந்த மாடலாக இருந்தாலும் உள்ளே ஒலிக்கும் சைம் கூட வருகிறதா, வராவிட்டால் அதே கம்பெனியில் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். சுவர் பிளக்கில் செருகும் வயர்லெஸ் சைம் நல்லது, ஏனென்றால் அதை எந்த அறைக்கும் கொண்டுபோகலாம். அத்தை பகலில் அதிகம் உட்காரும் இடத்தில் ஒன்று, படுக்கும் அறையில் ஒன்று என்று இரண்டு வைத்துவிடுங்கள். ஓசையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வயதாகும்போது காது முதலில் தவறவிடுவது கீச்சென்ற உயர்சுருதி ஒலிகளைத்தான். இந்தச் சைம்களில் பலவற்றின் இயல்பான ஓசையோ குருவி கத்துவது போலத்தான் இருக்கும். நாம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம், பெரியவருக்கு அப்போதும் கேட்காது. கனமான, கீழ்ச்சுருதி ‘டிங்-டாங்’ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, டிவியும் ஓடிக்கொண்டிருக்கும்போது அடித்துப் பாருங்கள். ஒலியோடு பளிச்சென்று விளக்கும் எரியும் சைம்கள் உண்டு. உங்கள் வீட்டுக்கு அதுதான் என் சிபாரிசு.

அடுத்தது திரை. யாரென்று பார்க்காமல் கதவைத் திறக்கிறார் என்பதுதானே பெரிய கவலை? அதற்குப் படம் உங்கள் அலுவலக மேசையில் தெரிந்து பயனில்லை, அத்தையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தக் கருவியின் முன்னோடியே இப்படி ஒரு தேவையில் பிறந்ததுதான். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்ற செவிலியர், வீட்டில் தனியாக இருக்கும்போது வாசலில் நிற்பது யாரென்று தெரிய வேண்டும் என்று நினைத்தார். எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனான கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள், அவற்றின் முன்னால் மேலும் கீழும் நகரும் கேமரா, உள்ளறையில் ஒரு திரை, பேசுவதற்கு மைக், இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. திரை வீட்டுக்குள்தான் இருந்தது. அது போனுக்குள் போனதெல்லாம் ரொம்பப் பின்னால்.

உங்களுக்கு ஏற்றது, வெளியே டோர்பெல், உள்ளே சுவரில் ஏழு அங்குலத் திரை, கூடவே வைஃபை வழியாக உங்கள் போனுக்கும் படம் வரும் வகை. ‘வீடியோ டோர் போன்’ என்று கேளுங்கள், அதில் வைஃபை இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெளிக்கருவிக்கும் திரைக்கும் நடுவே வயர் ஓடுவதால், பட்டனை அழுத்திய உடனே திரை விழித்துவிடும். இன்டர்நெட் போனாலும் அத்தைக்குப் படம் வரும், உங்கள் போனுக்குத்தான் வராது. பார்க்க இது கொஞ்சம் பழைய பாணியாக இருக்கும், விளம்பரத்தில் வரும் மெல்லிய கருவிகளின் அழகு இருக்காது. அதனால் கடைக்காரர்களுக்கும் இதில் ஆர்வம் குறைவு. இருக்கட்டும்.

வயர் இழுக்கவே முடியாது என்றால், வைஃபை டோர்பெல் ஒன்றும், அதனுடன் இணைந்து தானாகவே படம் காட்டும் மேசைத் திரை ஒன்றும் வாங்கலாம். அப்படி வாங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று பேசுமா என்பதைப் பெட்டியில் உள்ள வாசகத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். கடையில் இரண்டையும் இணைத்துப் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தியதிலிருந்து படம் வரும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் வந்தால் நல்லது. எட்டு, பத்து என்று போனால் பார்சல்காரர் மறுபடியும் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருப்பார்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். இதில்தான் உங்கள் கணவருடன் எனக்குக் கொஞ்சம் பேச்சு இருக்கிறது.

இப்போதுள்ள காலிங் பெல் பட்டனுக்குப் பின்னால் வரும் வயரில் என்ன ஓடுகிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். சில வீடுகளில் எங்காவது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, பட்டனுக்கு 16 முதல் 24 வோல்ட் வரை மட்டும் வரும். வயர் வழியாக மின்சாரம் எடுக்கும் வீடியோ டோர்பெல்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்காகச் செய்யப்பட்டவை. வேறு சில வீடுகளில், ஃபேன் சுவிட்சுக்கு வருகிற அதே முழு மெயின்ஸ் மின்சாரம், 230 வோல்ட் என்றால் அந்த 230 வோல்ட்டும், நேராகப் பட்டனுக்கே வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வயரும் ஒரே மாதிரிதான் இருக்கும். இது தெரியாமல் ஒருவர் பழைய பட்டனைக் கழற்றி அதே இரண்டு வயரையும் புது டோர்பெல்லின் பின்பக்கத் திருகுகளில் மாட்டி, எம்சிபி சுவிட்சைப் போட்டு மின்சாரம் கொடுத்தார். நான் போனபோது சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. கருவியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் தட்டு ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. அந்த நேரம் அதைத் தொட்டுக்கொண்டு யாரும் நிற்கவில்லை, அது அவர்கள் அதிர்ஷ்டம்.

டெஸ்டரை வைத்துப் பார்த்து, எரிந்தால் மெயின்ஸ், எரியாவிட்டால் பயமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பட்டனை அழுத்தாதபோது ஒரு வயர் எரியும், மற்றது எரியாது. பக்கத்தில் ஓடும் வயரின் தாக்கத்தால் மங்கலாக எரிவதும் உண்டு. எத்தனை வோல்ட் என்று அது சொல்லவே சொல்லாது. மல்ட்டிமீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். அளக்கத் தெரியாதவர் அதில் கை வைக்கவே வேண்டாம். இதற்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அவருக்குப் பத்து நிமிட வேலை.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது அதைவிட எளிது. பழைய மணியைத் தொடவே தொடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். புதுக் கருவியின் அடாப்டரை வீட்டுக்கு உள்ளே ஒரு பிளக்கில் செருகி, அதிலிருந்து வரும் குறைந்த வோல்ட் வயரை மட்டும் கதவுநிலை ஓரமாக ஒரு சிறு துளை போட்டு வெளியே எடுங்கள். திரையோடு வரும் வகையில் உள்ளே இருக்கும் திரையே வெளிக்கருவிக்கும் மின்சாரம் கொடுத்துவிடும். இந்த வேலையை உங்கள் கணவர் தாராளமாகத் தானே செய்யலாம்.

பேட்டரி மாடல் கெட்டது என்று சொல்லவில்லை. வாடகை வீட்டில், சுவரில் துளை போட அனுமதி இல்லாத இடத்தில், அதைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் அட்டையில் ‘6 மாதம்’ என்று போட்டிருந்தால், அது நாளைக்குச் சில பேர் மட்டும் வந்துபோகும் வாசலுக்கான கணக்கு. உங்கள் வாசலோ நடைபாதையில் இருக்கிறது. மாடி ஏறுகிறவர், இறங்குகிறவர், எதிர்வீட்டுக் குழந்தை என்று ஒவ்வொரு முறையும் அது விழித்துப் படம் எடுக்கும். நான் பார்த்த இப்படிப்பட்ட நடைபாதை வீடு ஒன்றில் ஐந்தே வாரத்தில் சார்ஜ் தீர்ந்தது. இன்னொரு சங்கடம், பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக இவை பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருக்கும். ஆள் நடமாட்டம் பட்டதும் விழித்துப் பதிவு தொடங்குவதற்குள் முதல் ஓரிரு விநாடி போய்விடும். பார்சலை வைத்துவிட்டுத் திரும்பி நடப்பவரின் முதுகு மட்டும் பதிவான வீடியோக்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். பேட்டரிதான் என்று முடிவானால், பேட்டரியை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து, உபரியாக ஒரு பேட்டரியும் வாங்கி வையுங்கள். முழுக் கருவியையும் கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சார்ஜ் போட வேண்டிய மாடல் என்றால், அந்த நாலைந்து மணி நேரம் வாசலில் மணியே இருக்காது.

பின்பக்கப் படுக்கையறையில் ரவுட்டர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் சிக்னல் பிரச்சினை வருமா என்று யோசிக்கவே வேண்டாம், வரும். வாங்குவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, ‘சிக்னல் நல்லாத்தான் இருக்கு’ என்று ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கருவி மாட்டப்போகும் இடத்தில் போனின் முதுகுப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, கணவருக்கு வீடியோ கால் போட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் டோர்பெல்லின் படமும் அப்படித்தான் உடையும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் வைஃபை சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் காட்டும் ஆப்கள் உண்டு. மைனஸ் 60 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல எண் (மைனஸ் 50, 55) வந்தால் கவலையில்லை. மைனஸ் 70ஐத் தாண்டி 75, 80 என்று போனால் தினமும் தொல்லை. டோர்பெல்லை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான் என்றாலும் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும். கதவுக்கு முன்னால் இரும்பு கிரில் கேட் இருந்தால் அதுவும் தன் பங்குக்குச் சிக்னலைத் தின்னும். தீர்வு எளிது: ரவுட்டரை ஹாலுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் வாசலுக்கு ஓர் அறை உள்ளே, ரவுட்டரின் சிக்னலை வாங்கிப் பரப்பும் மெஷ் கருவி ஒன்று வையுங்கள். அப்புறம், இன்டர்நெட் வேகத்தைச் சோதிக்கும்போது டவுன்லோடைப் பார்த்து மகிழ வேண்டாம். படம் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும், அதற்கு அப்லோடு வேகம்தான் கணக்கு. 1080பி (ஃபுல் எச்டி) படத்துக்கு 2 எம்பிபிஎஸ் தடையில்லாமல் கிடைத்தால் போதும்.

இந்த 2 எம்பிபிஎஸ்ஸை வைத்தே கடைக்காரரின் 4கேக்கும் பதில் சொல்லிவிடலாம். 4கே என்பது 1080பியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். அத்தனையும் உங்கள் வைஃபையில்தான் போக வேண்டும். சிக்னல் தாங்காவிட்டால் கருவி தானாகவே தரத்தைக் குறைத்து அனுப்பும். 4கேக்குக் காசு கொடுத்துவிட்டு அதைவிடக் குறைந்த தரத்தில் பார்ப்பதில் என்ன இருக்கிறது? உங்கள் வாசலில் ஆள் நிற்பது லென்ஸிலிருந்து மூன்று, நான்கு அடி தூரத்தில். அந்தத் தூரத்தில் முகம் தெரிய 1080பியே போதும்.

அதைவிட முக்கியம் படத்தின் வடிவம். டிவி போல அகலப் படம் எடுக்கும் கருவியை வாசலில் மாட்டினால் இடதுபக்கச் சுவரும் வலதுபக்கச் சுவரும் அழகாகத் தெரியும், ஆளின் இடுப்புக்குக் கீழே தெரியாது. வாசலில் வைத்த பார்சல் தெரியவே தெரியாது. சதுரமாகவோ உயரமாகவோ படம் எடுக்கும் மாடலைக் கேளுங்கள். தலை முதல் கால்வரை தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அடுத்து எச்டிஆர், அதாவது வெளிச்சமும் நிழலும் சேர்ந்து வரும் இடத்தில் இரண்டையும் தெளிவாகக் காட்டும் வசதி. நடைபாதையின் ஒரு முனையில் ஜன்னலோ திறந்த வெளியோ இருந்தால், பகலில் அந்த வெளிச்சம் ஆளுக்குப் பின்னாலிருந்து அடிக்கும். எச்டிஆர் இல்லாத கருவியில் முகம் இருக்கும் இடத்தில் கறுப்பு நிழல்தான் இருக்கும், நெற்றியும் தெரியாது மூக்கும் தெரியாது. இரவுப் பார்வையைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம், நடைபாதை விளக்கு எரிகிறதே. ஒன்று மட்டும்: கருவிக்குப் பக்கவாட்டில் சுவர் ஒட்டினாற்போல இருந்தால், இருட்டில் அகச்சிவப்பு வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி முழுப் படத்தையும் வெளுத்துவிடும். சுவர் மூலையிலிருந்து ஓர் அடியாவது தள்ளி மாட்டுங்கள்.

நடமாட்டத்தை உணர்ந்து எச்சரிக்கும் வசதியை முதல் ஒரு வாரம் அணைத்தே வையுங்கள். மணி அடித்தால் மட்டும் தெரியட்டும். முதல் நாளே எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மாலைக்குள் அறுபது அறிவிப்பு வந்து, எரிச்சலில் ஆப்பின் வாயையே அடைத்துவிட்டு, அதன்பிறகு உண்மையான மணியையும் தவறவிடுவதுதான் வழக்கம். ஒரு வாரம் கழித்து, ஆப்பில் உங்கள் கதவுக்கு முன்னால் உள்ள இரண்டடி இடத்தை மட்டும் கட்டம் போட்டு அதற்குள் வந்தால் மட்டும் எச்சரிக்கச் சொல்லுங்கள். பல கருவிகளில் இருப்பது வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சார். அது குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும், நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். சுற்றுப்புறச் சூடு உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டாலும் தடுமாறும். வெயில் நாளில் மத்தியானம் அது ஆளைக் கோட்டைவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பதிவு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கடையிலேயே கேட்டுவிட வேண்டும். கம்பெனியின் கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக அவர்கள் சர்வரில் என்றால், மாதச் சந்தா இருக்கும். முதல் மாதம் இலவசமாகத் தருவார்கள், அது முடிந்தபிறகு சந்தா கட்டாவிட்டால் எது எது நின்றுபோகும் என்று தெளிவாகக் கேளுங்கள். சில மாடல்களில் நேரலை மட்டும்தான் மிஞ்சும், பழைய பதிவு ஒன்றுகூடப் பார்க்க முடியாது. மெமரி கார்டு போடும் வகையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கார்டு வெளிக்கருவிக்குள் இருந்தால், அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் தன் முகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். கார்டு உள்திரையில் இருக்கும் மாடல்தான் உசிதம். 24 மணி நேரமும் பதிவு செய்தால் 2 எம்பிபிஎஸ் கணக்கில் நாளுக்கு 21 ஜிபிக்கு மேல் ஆகும், 64 ஜிபி கார்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். மணி அடித்தால் மட்டும் அரை நிமிடம் பதிவு என்றால், நாளைக்கு 40 முறை அடித்தாலும் 300 எம்பிதான். அதே கார்டு ஆறு மாதத்துக்கு வரும். உங்களுக்கு இரண்டாவது போதும்.

பெயர் தெரியாத மலிவுக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு சில டோர்பெல்களைச் சோதித்து வெளியிட்டது. வெவ்வேறு பெயர்களில் விற்றாலும் எல்லாம் ஒரே இடத்தில் செய்தவை. வாசலில் நிற்கும் யாரோ ஒருவர் பட்டனை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் போதும், கருவி அவருடைய போனோடு இணைந்துவிடும். சீரியல் எண் தெரிந்துவிட்டால் பிறகு எங்கிருந்தும் அந்த வாசலின் படங்களைப் பார்க்கலாம். வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்று பார்க்க நாமே ஜன்னல் திறந்து வைத்தது போல ஆகிவிடும். எத்தனை வருடம் மென்பொருள் அப்டேட் தருவோம் என்று எழுத்தில் சொல்லும் கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள். வாங்கியதும் இரட்டைச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதி) போட்டுவிடுங்கள். நீங்களும் கணவரும் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளாமல், ஆப்பிலேயே இன்னொருவரைச் சேர்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

எதிர்வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘நம் வீட்டுச் சுவர், நம் கேமரா’ என்று மல்லுக்கு நிற்க வேண்டாம். 2021இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றத்தில் இப்படி ஒரு பக்கத்துவீட்டு வழக்கு வந்தது. டோர்பெல்லும் மற்ற கேமராக்களும் வைத்தவருக்கு எதிராகத் தீர்ப்பானது. படத்தைவிட, தூரத்தில் பேசுவதையும் பிடிக்கும் ஒலிப்பதிவுதான் பெரிய பிரச்சினை என்றார் நீதிபதி. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பக்கத்துவீட்டுக்காரர் மனசு எங்கேயும் ஒன்றுதான். கருவியைச் சாய்த்து மாட்ட ஆப்புக்கட்டை போன்ற ஒரு துண்டு பெட்டியில் வரும் அல்லது தனியாகக் கிடைக்கும், அதை வைத்து லென்ஸை மாடிப்படிப் பக்கம் 15 டிகிரி திருப்புங்கள். மிச்சம் தெரியும் அவர்கள் கதவை, ஆப்பில் ‘பிரைவசி ஸோன்’ போட்டுக் கறுப்பாக மறைத்துவிடுங்கள். ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள், ஆனால் முதலில் உங்கள் மாடலைச் சோதித்துப் பாருங்கள், சிலவற்றில் ஒலிப்பதிவை அணைத்தால் பேசும் வசதியும் சேர்ந்து போய்விடும். எல்லாம் முடிந்ததும் அவர்களைக் கூப்பிட்டு உங்கள் திரையில் என்ன தெரிகிறது என்று காட்டிவிடுங்கள். பத்தில் ஒன்பது சண்டை அங்கேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். குடியிருப்புச் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது, நடைபாதைச் சுவர் பொதுச்சொத்தாக இருக்கலாம்.

மாட்டுவதற்கு முன்னால், இரட்டைப்பக்க ஒட்டும் டேப்பால் கருவியைத் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், அதாவது நாலடியில், தற்காலிகமாக ஒட்டி ஒருநாள் முழுக்க விடுங்கள். நம் கண் உயரத்துக்கு மாட்டத்தான் எல்லோருக்கும் கை போகும், அப்படி மாட்டினால் நெற்றிக்கு மேலே கூரைதான் அதிகம் தெரியும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கணவரை வாசலில் நிற்கவைத்துப் படத்தைப் பாருங்கள். வெளிச்சம், சாய்வு, எதிர்க்கதவு எல்லாம் சரி என்றான பிறகே துளை போட வேண்டும். சுவருக்குள் ஏற்கெனவே வயர் ஓடலாம், பழைய மணியின் பட்டனுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ட்ரில் வைக்காதீர்கள். துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூசியை ஊதி எடுத்துவிட்டு, ஸ்குரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகுங்கள், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் ஆட்டம் காணும்.

ஸ்குரூ பெட்டியில் வந்ததாகவே இருக்கட்டும். இதை ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. 2020 நவம்பரில் ரிங் நிறுவனத்தின் ஒரு டோர்பெல் மாடல், அமெரிக்காவில் சுமார் 3,50,000 கருவிகள், பாதுகாப்பு எச்சரிக்கைக்கு உள்ளானது. கருவியைத் தட்டோடு பிடிக்கும் ஸ்குரூவுக்குப் பதில் வேறு ஸ்குரூவைப் போட்டவர்களின் கருவிகளில், பேட்டரி சூடாகித் தீப்பிடித்த சம்பவங்கள் நடந்தன. தொலைந்துபோன ஸ்குரூவுக்குப் பதிலாக டப்பாவில் கிடந்த ஒன்றை எடுத்துத் திருகுவது நம் எல்லோருக்கும் பழக்கம்தான். இதில் வேண்டாம்.

கடைசியாக அத்தைக்குப் பழக்கிவிடும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியே நின்று மணி அடியுங்கள், அவர் திரையைப் பார்த்து, பேசும் பொத்தானை அழுத்தி ‘யாரு?’ என்று கேட்கட்டும். அந்தப் பொத்தானில் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், மற்றவற்றை அவர் தொடவே தேவையில்லை. திரையை அவர் நாற்காலியிலிருந்து எழாமல் பார்க்க முடிகிற சுவரில் மாட்டுங்கள், வாசல் பக்கத்தில் மாட்டினால் முழங்கால் வலியோடு எழுந்து வந்தவர் எப்படியும் கதவைத்தான் திறப்பார். கணவர் போய் நிற்கட்டும், அப்புறம் அத்தைக்குத் தெரியாத உங்கள் நண்பர் ஒருவர் நிற்கட்டும். தெரியாதவர் என்றால் திறக்காமல், ‘கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லப் பழகட்டும். அந்த நேரத்தில் உங்கள் போனிலும் படம் வரும், நீங்களும் சேர்ந்து பேசலாம்.

பழைய பட்டனுக்கு மேல், ‘புது மணி பக்கத்தில்’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். அடாப்டர் கழன்றாலும் கருவி உறைந்துபோனாலும் பழைய மணி அடிக்கும். அதை எப்போது கழற்றலாம் என்று அத்தையே சொல்லட்டும்.